நண்பர் வளர்த்த நாயை நினைவுகூர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் பல ஆண்டுகள் வளர்த்த நாய் இறந்துவிட்டால், அந்த வீட்டுக்குப் போய்வந்து பழகியவர்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. மனிதர் இறந்த வீட்டில் என்ன பேசுவது, எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் ஊரும் உறவும் நமக்குக் கற்றுத்தந்திருக்கின்றன. நாய் இறந்த வீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அந்தத் தயக்கத்தோடு இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் பலவாக இருந்தாலும் என் கருத்து ஒன்றுதான்: இறந்த நாயின் பெயரைச் சொல்லுங்கள், அது செய்ததைச் சொல்லுங்கள். எல்லா நாய்க்கும் பொருந்துகிற ஆறுதல் எந்த நாய்க்கும் உரியதாக இருப்பதில்லை.

ஒரு நாய்க்காக என் நண்பர் இவ்வளவு உடைந்துபோவது இயல்பானதுதானா?

இயல்பானதுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாயை வளர்த்தவரின் அன்றாடமே அந்த நாயைச் சுற்றி அமைந்திருக்கும். விடிந்ததும் கதவைத் திறப்பது, தெருமுனை வரை நடந்து வருவது, தட்டில் சோறு பிசைந்து வைப்பது, மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டவுடன் உள்ளிருந்து வரும் குரைப்பு என்று ஒரு நாளில் பல முறை அந்த இல்லாமை அவரைத் தொடுகிறது. தொலைவில் வாழ்ந்த உறவினர் ஒருவரின் மறைவு கூட இப்படி வேளைக்கு வேளை நினைவுக்கு வருவதில்லை.

இந்தத் துக்கத்தைக் கடினமாக்குவது இன்னொன்று. மற்றவர்கள் இதைத் துக்கமாகவே கணக்கில் கொள்வதில்லை. அலுவலகத்தில் இதற்கு விடுப்புக் கிடையாது. விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். சமூகம் ஏற்றுக்கொள்ளாத இவ்வகைத் துயரத்தைக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் தனி வகையாகவே விளக்கினார். வளர்ப்பு விலங்கின் இழப்பு அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆகவே நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி, அவருடைய துக்கம் துக்கம்தான் என்று ஏற்றுக்கொள்வது.

செய்தி கேட்டதும் முதலில் என்ன சொல்வது?

நாயின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். "உங்கள் நாய் இறந்துவிட்டதாமே" என்று கேட்பதற்கும் "மணி போய்விட்டானாமே" என்று கேட்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. நண்பர் தம் நாயை அவன் என்றோ அவள் என்றோ சொல்லிவந்தவரானால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். என்ன ஆயிற்று என்று ஒரு முறை கேட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கடைசி இரண்டு மூன்று நாள்களில் நடந்ததைப் பெரும்பாலோர் ஒன்றுவிடாமல் சொல்ல விரும்புவார்கள்: எப்போது சாப்பாட்டை விட்டது, எந்த மருத்துவர் என்ன ஊசி போட்டார், இரவில் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது என்று. அதைச் சுருக்கச் சொல்லாதீர்கள்.

எவற்றைச் சொல்லாமல் இருப்பது நல்லது?

"நாய்தானே" என்பதைச் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல மனத்தோடு சொல்லப்பட்டும் காயப்படுத்துகிற வாக்கியங்கள்தான் அதிகக் கவனத்துக்கு உரியவை. "வேறு ஒரு குட்டி வாங்கிக்கொள்ளலாம்", "நல்லவேளை, வீட்டு மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை", "உங்கள் கண்டத்தை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது" ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னதை நம் பக்கத்தில் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், சிலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது; ஆனால் தம்மால்தான் நாய் இறந்ததோ என்று ஏற்கெனவே மருகிக்கொண்டிருப்பவருக்கு அது சுமையைக் கூட்டும். "முன்பே வேறு மருத்துவரிடம் காட்டியிருக்கலாம்" என்பதை எந்தச் சூழலிலும் சொல்ல வேண்டாம்.

நேரில் போய்த் துக்கம் விசாரிக்கலாமா?

தாராளமாகப் போகலாம், நெருங்கிய நண்பரானால் போவதே நல்லது. மனிதர் இறந்த வீட்டுக்குரிய முறைகளை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை என்றாலும், சிலர் அவற்றைக் கடைப்பிடிப்பதில் ஆறுதல் காண்கிறார்கள். அந்த வீட்டில் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள். போகும்போது உணவு எடுத்துச் செல்வது பயனுள்ளது, ஏனெனில் அன்று அந்த வீட்டில் யாரும் சமைத்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டு நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம்.

நாய்க்கு நினைவுச்சின்னம் வைப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட ஏராளமான நடுகற்களுள் எடுத்தனூர் நடுகல்லும் ஒன்று. அது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. எருமைகளைக் காக்கும் போராட்டத்தில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக அந்தக் கல் எழுப்பப்பட்டது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்று தனியாக எழுத்தும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் பொருள்.

இதில் என்னை நிறுத்திவைப்பது அந்த எழுத்தின் சிக்கனம். கோவிவன் விசுவாசமானது என்றோ அன்பானது என்றோ அங்கே சொல்லப்படவில்லை. பெயர், செய்த செயல், அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீரனின் குரல் எப்படி இருந்தது, அவனுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய நாயின் பெயர் தெரியும்.

கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரிலும் இப்படி ஒரு கல் இருந்தது. இப்போது அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கதை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. 949இல் அரக்கோணத்துக்கு அருகில் உள்ள தக்கோலத்தில் நடந்த போரில், சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீது இருந்தபடியே கொல்லப்பட்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் பக்கம் நின்று போரிட்ட கங்க அரசன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் பணியாற்றினான். அவனுடைய வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று சொன்னபோது, அவன் நிலத்தையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றுக்கொண்டான். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. நாயும் பன்றியும் இரண்டுமே இறந்தன. அதற்காக ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலுக்கு முன்னே கல் நட்டு, நிலமும் கொடையாக விட்டார்கள். அந்தக் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் கோயில் பூசகர் உண்ணக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். ஒரு பெரும்போரின் வெற்றியைச் சொல்லும் அதே கல்லில் ஒரு நாயின் சாவும் இடம்பெற்றிருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் இராசாதித்தனைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் காளியைப் பற்றியும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

நாய் என்னுடையது அன்று, நண்பருடையது. அதைப் பற்றி நான் எழுதுவது பொருத்தமாக இருக்குமா?

பொருத்தம்தான், உலகில் மிகவும் பெயர்பெற்ற நாய்க் கல்லறைகளுள் ஒன்றில் இருப்பது அப்படி ஒரு நண்பர் எழுதிய உரைநடைதான். ஆங்கிலக் கவிஞர் பைரன் வளர்த்த போட்ஸ்வைன் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய் 1808 நவம்பரில் வெறிநோயால் இறந்தது. அப்போது பைரனுக்கு வயது இருபது. நாட்டிங்காம்சயரில் இருந்த தம் நியூஸ்டெட் அபே மாளிகையின் தோட்டத்தில், பழைய மடாலயத்தின் இடிபாடுகளுக்கு நடுவே அவர் ஒரு பெரிய நினைவுச்சின்னத்தை எழுப்பினார். அதில் பைரனின் கவிதைக்கு மேலே உள்ள உரைநடைப் பகுதி நெடுங்காலம் பைரன் எழுதியதாகவே கருதப்பட்டது. உண்மையில் அதை எழுதியவர் அவருடைய கல்லூரித் தோழர் ஜான் ஹாப்ஹவுஸ். செருக்கில்லாத அழகும் ஆணவம் இல்லாத வலிமையும் கொடுமை இல்லாத வீரமும் கொண்டிருந்த ஒன்று இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கி, கடைசியில்தான் அது போட்ஸ்வைன் என்ற நாய் என்று அந்த உரை சொல்கிறது.

அது அழகான உரை. ஆயினும், பைரன் அந்த நாள்களில் ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் என்ற நண்பருக்கு எழுதிய சில வரிகளே எனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. மிகுந்த வேதனைப்பட்டபோதும் போட்ஸ்வைன் தன் சாதுவான குணத்தைக் கடைசி வரை விடவில்லை, பக்கத்தில் இருந்த யாருக்கும் சிறு தீங்கும் செய்ய முயலவில்லை என்று அந்தக் கடிதத்தில் அவர் எழுதினார். வெறிநோய் கண்ட ஒரு நாயைப் பற்றிய செய்தி அது என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும். கல்லறையில் உள்ள புகழுரை எந்த நல்ல நாய்க்கும் பொருந்தக்கூடும். கடிதத்தில் உள்ளது போட்ஸ்வைனுக்கு மட்டுமே உரியது.

நான் எழுத விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நண்பருக்கு அந்த நாயைப் பற்றி உங்களைவிட நூறு மடங்கு தெரியும். ஆனால் உங்களிடம் அது எப்படி நடந்துகொண்டது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அவர் சமையலறையில் இருந்தபோது முன்னறையில் நடந்தது, அவர் ஊரில் இல்லாத வாரத்தில் நீங்கள் சோறு வைக்கப் போனபோது நடந்தது போன்றவை அவருக்குப் புதியவை. இறந்த நாயைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி கிடைப்பதைப் போன்ற பரிசு அவருக்கு வேறில்லை. இனி அது நடமாடிப் புதிதாக எதையும் செய்யப் போவதில்லை அல்லவா?

ஐந்தாறு வாக்கியங்கள் போதும். கீழே உள்ளது ஒரு மாதிரிதான்:

"அன்புள்ள செல்வி, மணியைப் பற்றிக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. போன மழைக்காலத்தில் நீ ஊருக்குப் போயிருந்தபோது நான் சோறு வைக்க வந்தேன் இல்லையா, அப்போது அவன் தட்டைத் தொடாமல் முதலில் உன் அறை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிட்டான். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்தான். உன்னிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். என் பையன் முதன்முதலில் பயமில்லாமல் தொட்ட நாய் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் வருகிறோம்."

இதில் விசுவாசம், நன்றியுணர்வு போன்ற சொற்கள் இல்லாததைக் கவனியுங்கள். நாய் என்றாலே நம் கைக்கு முதலில் வரும் சொற்கள் அவை. அவற்றை விலக்கிவிட்டால் அந்த ஒரு நாய் தெரியத் தொடங்கும். அது செய்த குறும்புகளையும் எழுதலாம்: கடித்துக் குதறிய செருப்பு, திருடித் தின்ற கருவாடு, தபால்காரரோடு கடைசி வரை தீராத பகை. கையால் எழுதித் தருவது நல்லது. அது முடியாவிட்டால் கைப்பேசியில் அனுப்பினாலும் குறையில்லை. உங்களிடம் உள்ள பழைய படங்களையும் காணொளிகளையும் தேடிச் சேர்த்து அனுப்புங்கள். அவற்றில் நண்பரும் நாயும் சேர்ந்து இருப்பவை அவரிடம் குறைவாகவே இருக்கும், ஏனெனில் பெரும்பாலான படங்களை எடுத்தவர் அவராகவே இருப்பார்.

அடக்கத்தில் எப்படி உதவலாம்?

நம் வெப்பத்தில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவது நல்லது. சொந்த நிலமோ தோட்டமோ இருந்தால் மூன்று நான்கு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் தள்ளி இடம் பார்த்துப் புதைத்து, தெருநாய்கள் தோண்டாதபடி மேலே கனமான கற்களை அடுக்க வேண்டும். மருத்துவர் ஊசி போட்டு உயிரை அமைதியாக அடங்கச் செய்திருந்தால் ஆழம் இன்னும் முக்கியம். அதற்குப் பயன்படும் சில மருந்துகள் உடலிலேயே தங்கிவிடுவதால், தோண்டித் தின்னும் விலங்குகளும் பறவைகளும் இறக்க நேரிடும்.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். நகரத்தில் வளர்ப்பு விலங்குகளை எரியூட்டவோ புதைக்கவோ இடம் உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும், வழக்கமாகக் காட்டிய கால்நடை மருத்துவரிடமும், விலங்குநல அமைப்புகளிடமும் விசாரித்துச் சொல்வதை நண்பருக்காக நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். அழுதுகொண்டிருப்பவர் பத்து இடங்களுக்குத் தொலைபேசியில் பேச வேண்டிய நிலை வரக்கூடாது. குழி வெட்ட ஆள் பார்ப்பது, வண்டி ஏற்பாடு செய்வது, ஒரு பழைய போர்வையைத் தேடி எடுப்பது ஆகியவையும் அந்த நேரத்தில் பெரிய உதவிகளே.

கருணைக்கொலைக்குச் சம்மதித்ததை எண்ணி நண்பர் வருந்துகிறார். என்ன சொல்லலாம்?

நீ செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, நடந்ததை அவரோடு சேர்ந்து திரும்பப் பார்ப்பது உதவும். சிறுநீரகம் முழுதும் செயலிழந்த நாய்க்கும், உடலெங்கும் பரவிய புற்றுநோயோடு எழ முடியாமல் கிடக்கும் நாய்க்கும் முன்னால் குணமாகும் வழி எதுவும் இருந்திருக்காது. வலியோடு இன்னும் சில நாள்களா, வலியில்லாமல் இன்றைக்கா என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. முறையாகச் செய்யும்போது நாய் முதலில் நினைவிழந்துவிடும்; இதயம் நிற்பது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அதை நினைவூட்டுங்கள். இருக்க முடியாமல் வெளியே நின்றிருந்தால் அதை நீங்களாக எடுத்துப் பேச வேண்டாம்.

வெறிநோயால் இறந்ததோ என்ற ஐயம் இருந்தால்?

அப்போது நினைவுகூர்தலை ஒத்திவைத்துவிட்டு, அந்த வீட்டில் இருந்தவர்களையும் நாயைத் தொட்டுப் பழகியவர்களையும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நீங்களும் அந்த நாள்களில் போய்வந்திருந்தால் உங்களுக்கும் இது பொருந்தும். போட்ஸ்வைனுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அறியாமல், அதன் வாயில் வழிந்த எச்சிலைப் பைரன் வெறுங்கையால் துடைத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அவர் தப்பியது நற்பேறு. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் மனிதருக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டது 1885இல்தான். கடியோ கீறலோ இருந்தால், அல்லது புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டிருந்தால், அந்த இடத்தை ஓடும் நீரில் கழுவ வேண்டும். தோலில் உள்ள காயமானால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். பிறகு தாமதமின்றித் தடுப்பூசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே போடப்படுகிறது. அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோய்க்கு ஏறக்குறைய மருத்துவமே இல்லை என்பதால், "நம்ம மணிதானே" என்ற பாசம் இங்கே குறுக்கே வரக்கூடாது.

நண்பரின் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது?

பெற்றோர் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் உங்களிடம் யோசனை கேட்டால், இறந்துவிட்டது என்றே நேராகச் சொல்லச் சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்னால் சிறு குழந்தை எழும் நேரத்துக்காகக் காத்திருக்கும், சில குழந்தைகள் தாங்கள் தூங்கவே அஞ்சும். ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாயைப் பற்றிப் படம் வரையச் சொல்வதும், புதைத்த இடத்தில் பூப்போட விடுவதும் நல்லவை.

நண்பர் தனியாக வாழும் முதியவர். அவருக்காக என்ன செய்யலாம்?

மற்ற கேள்விகளைவிட இதற்கு நான் அதிக முக்கியத்துவம் தருகிறேன். மனைவியோ கணவரோ மறைந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஒரு நாயோடு வாழ்ந்தவருக்கு அந்த நாய்தான் காலையில் எழுவதற்கான காரணம். நாய் நடந்த வழியில்தான் அவருக்குத் தேநீர்க்கடைக்காரரும் பூக்கார அம்மாவும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் பழக்கமாகியிருப்பார்கள். நாய் போனபின் அந்த நடையும் நின்று, நடையோடு அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது. ஆகவே முதல் சில வாரங்களில் அவர் நாயோடு நடந்த அதே நேரத்தில் போய், "வாங்க ஐயா, ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்" என்று அழையுங்கள். வழியில் அவரே நாயைப் பற்றிப் பேசத் தொடங்குவார், எந்த மரத்தடியில் நிற்கும், எந்த வீட்டு வாசலில் உறுமும் என்று. அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, தம் மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் எதுவும் சீராகாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

படத்துக்கு மாலை போடுவது, பதினாறாம் நாள் செய்வது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் மிகையில்லையா?

அந்த வீட்டார் விரும்பிச் செய்தால் மிகையில்லை. நாய்க்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. தம் துக்கத்தை ஊரறியச் சொல்ல நமக்குத் தெரிந்த வழி அது. செலவைப் பற்றி மட்டும் ஒரு சொல்: வாய்ப்பிருந்தால் அதில் ஒரு பகுதியைத் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுபவர்களுக்கு நாயின் பெயரால் தரலாம்.

ஒரு குட்டியை வாங்கிப் பரிசளிக்கலாமா?

கேட்காமல் வேண்டாம். எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நாய் பார்வோ என்ற வைரஸ் நோயால் இறந்திருந்தால் இன்னொரு தடையும் உண்டு: அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும், தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டியை அங்கே கொண்டுவிடுவது ஆபத்து.

ஓராண்டு கழித்து நான் நினைவூட்டினால், ஆறிய புண்ணைக் கிளறியதாகாதா?

ஆகாது. அந்த நாள் எதுவென்று அவருக்குத் தெரியும். வேறு யாருக்காவது அது நினைவிருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரியாது. நாளைக் குறித்துவைத்திருந்து, அன்று காலையில் இரண்டு வரி எழுதுங்கள். இதற்கிடையில் உங்களுக்கு நினைவுக்கு வந்த ஏதாவது ஒன்றை, அவரிடம் இதுவரை சொல்லாததாகப் பார்த்து, அதில் சேர்த்துவிடுங்கள்.